பனி நிலத்தின் மேல் தாழ்வாகப் பறப்பது: டெல்டாவிலிருந்து பயிற்சிக்குக் கிளம்புகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பனி மூடிய மலைச்சரிவில் ஒரு சிறிய விமானம் நொறுங்கிக் கிடக்கும் படத்தைப் பார்த்தால் "இன்ஜின் நின்றுபோயிருக்கும்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். விசாரணை அறிக்கையைப் படித்தால் பல நேரம் கதை வேறாக இருக்கும். மோதும்வரை இன்ஜின் நன்றாக ஓடியிருக்கும். இறக்கையில் குறையில்லை, எரிபொருளுக்குப் பஞ்சமில்லை, கட்டுப்பாடும் விமானி கையில்தான் இருந்திருக்கும். திரும்ப இடம் இருந்தபோது அவர் திரும்பவில்லை. திரும்ப நினைத்தபோது இடம் இல்லை. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த இடத்தைக் கையில் வைத்திருப்பதற்கானதுதான்.

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கமிருந்து வணிக விமானி உரிமத்துக்காகக் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிற பிள்ளைகள் உண்டு. இந்திய உரிமத்துக்கு 200 மணி நேரப் பறத்தல் வேண்டும். அதில் ஒரு பங்கு குளிர்காலத்தில்தான் வந்து விழும். செஸ்னா 152, செஸ்னா 172 போன்ற ஒற்றை இன்ஜின் விமானங்களை மனதில் வைத்து எழுதியது இது. உங்கள் விமானத்தின் கையேடும் பயிற்றுநரும் வேறு சொன்னால் அவர்கள் சொல்வதே சரி.

1. ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டியது

டெல்டாவில் வளர்ந்த கண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு: நிலம் மட்டமாக இருக்கும் என்று கேட்காமலே நம்பிவிடும். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு நிலம் இறங்குவது 60 மீட்டர் அளவுதான். மலை என்று சொல்லிக்கொள்ள நமக்கு வாய்த்தது சுவாமிமலை. அதுவும் 60 படி ஏறும் கட்டுமலை. இன்னொரு பழக்கம், தூரத்தையும் உயரத்தையும் தென்னை, பனை, மின்கம்பம், கோயில் கோபுரம் இவற்றை வைத்தே கணக்கிடுவது. பனி மூடிய ஏரியிலோ மரமில்லாத மேட்டிலோ இவை எதுவும் இருக்காது.

கண் எப்படி ஏமாறும் என்பதை ஊரிலேயே பார்த்துவிடலாம். தாளடி நடவுக்கு முன், சேறடித்துத் தண்ணீர் கட்டிய வயல் ஒன்றைத் தேடுங்கள். காற்றில்லாத, வானம் முழுக்க மேகம் மூடிய காலையாக இருக்கட்டும். வரப்பில் நின்று நடு வயலை மட்டும் பாருங்கள். வரப்பும் நாற்றுக்கட்டும் கண்ணில் படக்கூடாது. தண்ணீர்ப் பரப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பிடிக்கப் பார்த்தால் பிடிபடாது. வானமும் நீரும் ஒரே சாம்பல். ஒரு பிடி வைக்கோலை அங்கே எறியுங்கள். எறிந்த கணமே பரப்பு தன் இடத்தில் வந்து நிற்கும். வடக்குப் பனிப் பிரதேச விமானிகள் ஏரியில் இறங்குமுன் ஒரு முறை தாழப் பறந்து ஊசியிலை மரக் கிளைகளைக் கீழே போடுவது இதற்காகத்தான்.

உயரத்துக்கும் ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறைக்கு மேல் நிற்கும் கோபுரம் சுமார் 216 அடி. தரையிலிருந்து 500 அடியில் பறக்கிறோம் என்றால் அது இரண்டேகால் பெரிய கோயில்தான். புல்தரையில் நின்று அண்ணாந்து பார்த்து அந்த உயரத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு குறைவு என்று அப்போது தெரியும்.

அடுத்தது படிப்பு. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் விபத்து அறிக்கைகளை இணையத்தில் இலவசமாகப் போடுகின்றன. முடிவுரையில் ஆரம்பிக்காதீர்கள். பாதை வரைபடத்தை எடுத்து, "கடைசியாக எந்த இடத்தில் திரும்பியிருந்தால் தப்பித்திருப்பார்?" என்று பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அதன் பிறகு அறிக்கையைப் படியுங்கள். புள்ளி பெரும்பாலும் மோதிய இடத்துக்கு வெகு முன்னால் விழும். பத்து அறிக்கை இப்படிப் படித்தவருக்கு, வகுப்பில் சொல்லும் பாதி விஷயம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

2. பறக்கும் நாளின் காலை: இறக்கையும் இன்ஜினும்

இறக்கையின் மேல் உறைபனி படிந்திருந்தால் கிளம்பக் கூடாது. மெல்லியதுதானே என்ற பேச்சுக்கே இடமில்லை. உப்புக் காகிதம் அளவுக்குச் சொரசொரப்பாகப் படிந்த உறைபனியே தூக்குவிசையை 30 சதவீதம் வரை குறைத்து, இழுவையை 40 சதவீதம் வரை கூட்டிவிடும். இறக்கை, வால், புரொபெல்லர் இவற்றில் பனியோ உறைபனியோ ஒட்டியிருக்கக் கிளம்புவதைக் கனடா விமானச் சட்டம் நேரடியாகவே தடை செய்கிறது.

உறைபனியை எடுக்க மென்மையான துடைப்பம், இறக்கை உறை, சூடான ஹேங்கர், அதற்கென்றே உள்ள திரவம் என்று வழிகள் உண்டு. வெந்நீர் ஊற்றுவது மட்டும் வேண்டாம். வழியும் நீர் கீல்களுக்குள் போய் உறைந்து எய்லெரானை (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை ஓரத் தகடு) பூட்டிவிடும். சூடான ஹேங்கரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இறக்கை வெதுவெதுப்பாக இருக்கும்போதே விமானத்தைப் பனிப்பொழிவுக்குள் இழுத்து வந்தால், விழும் பனி உருகி, அப்படியே பளிங்கு மாதிரி உறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. கையுறையைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்ஜினைப் பொறுத்தவரை, லைகாமிங் இன்ஜினுக்கு வெளி வெப்பம் மைனஸ் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் முன்கூட்டியே சூடாக்க வேண்டும். கெட்டியான எண்ணெயோடு கிளப்பினால் முதல் சில நிமிடங்கள் உலோகத்தோடு உலோகம் உரசும். பெரும்பாலானவர்கள் பார்க்க மறக்கும் இடம் கிராங்க்கேஸ் பிரீதர் குழாய். இன்ஜின் விடும் ஈர ஆவி குழாய் நுனியில் உறைந்து அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி முன்பக்க எண்ணெய் சீலைத் தள்ளிவிடும். பறந்துகொண்டிருக்கும்போதே எண்ணெய் முழுக்க வெளியே போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும் குழாய் நுனியைப் பாருங்கள். பக்கவாட்டில் மாற்றுத் துளை இருந்தால் அதையும் சேர்த்து.

கேபின் ஹீட்டரையும் சந்தேகத்தோடே பாருங்கள். சிறிய விமானங்களில் அந்தச் சூடு எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிய உறையிலிருந்து வருகிறது. குழாயில் வெடிப்பு விழுந்தால் சூட்டோடு கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. லேசான தலைவலி, அசதி, "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்ற மந்தம், இவ்வளவுதான் அடையாளம். ஒலி எழுப்பும் டிஜிட்டல் கருவி ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டாஷ்போர்டில் ஒட்டும் அட்டை நிறம் மாறும். மந்தத்தில் இருப்பவர் அதைப் பார்க்க மாட்டார்.

கார்புரேட்டர் (இன்ஜினுக்குப் போகும் காற்றும் எரிபொருளும் கலக்கும் பாகம்) உள்ளே பனி கடுங்குளிரில்தான் பிடிக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மையில் காற்று ஈரமாக இருந்தால் 25 டிகிரியிலும் வரும். கார்புரேட்டருக்குள் எரிபொருள் ஆவியாவதாலும் காற்று விரிவதாலும் வெப்பம் 20 டிகிரிக்கு மேல்கூட விழலாம். நாகப்பட்டினத்துக் காற்றில் பாதி பவரில் இறங்கினாலே வரக்கூடிய தொல்லை இது. மைனஸ் 20 டிகிரியின் உலர்ந்த காற்றில் ஆபத்து குறைவு. பூஜ்யத்தை ஒட்டிய ஈரப் பனிப்பொழிவில் அதிகம். நிலையான புரொபெல்லர் கொண்ட விமானத்தில் ஆர்பிஎம் (இன்ஜினின் சுழற்சி வேகம்) காரணமில்லாமல் மெல்ல இறங்குவதுதான் முதல் அறிகுறி. கார்புரேட்டருக்குச் சூடான காற்று தரும் பிடியை முழுக்க இழுங்கள், அரைகுறையாக இழுக்காதீர்கள். முதலில் இன்ஜின் முரண்டு பிடிக்கும். உருகிய நீரை அது விழுங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பயந்து மூடிவிடக் கூடாது.

3. போகலாமா என்று முடிவெடுப்பது

கனடாவில் கட்டுப்பாடற்ற (கட்டுப்பாட்டு நிலையம் வழிநடத்தாத) வான்பரப்பில், தரையிலிருந்து 1000 அடிக்குக் கீழே, பகலில் 2 மைல் பார்வைத் தூரம் இருந்தால் சட்டப்படி பறக்கலாம். அமெரிக்காவில் அது 1 மைல்தான். சட்டம் சொல்வது அடிமட்ட எல்லை. அதையே உங்கள் எல்லையாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில் விமானம் ஒரு வினாடிக்கு 46 மீட்டர் போகிறது. 1 மைல் என்பது 35 வினாடி. எதிரே வெள்ளையாகத் தெரிவது பனிப்பொழிவா மலையா என்று புரிந்துகொள்ளவே பாதி நேரம் போய்விடும்.

முதல் குளிர்காலத்துக்கு 5 மைல் பார்வைத் தூரமும், பாதையில் உள்ள மிக உயர்ந்த தரைக்கு மேல் 2000 அடி மேக இடைவெளியும் என்று வைத்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை. முகட்டு உயரத்தில் காற்று 25 நாட்டைத் தாண்டினால் மலைப் பகுதிக்கு அன்றைக்குப் போக வேண்டாம். வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) இடையே 2, 3 டிகிரிதான் வித்தியாசம் என்றால் மாலை நெருங்க மூடுபனி விழும். மார்கழியில் தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் விடியற்காலை வண்டி ஓட்டியவர்களுக்கு, முன்னால் போன லாரி எப்படிச் சட்டென்று காணாமல் போகும் என்று தெரியும்.

4. வெளிச்சம்

பனி விழாத நாளில்கூட பனி நிலம் ஆளைக் கொல்லும். மேகம் ஒரே சீராக மூடியிருக்க, கீழே பனி ஒரே சீராகப் படிந்திருந்தால், ஒளி எல்லாப் பக்கமும் சிதறி நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது, தொடுவானம் கரைந்துவிடும். காற்று தெளிவாகத்தான் இருக்கும். பார்வைத் தூரம் 40 கிலோமீட்டர்கூட இருக்கலாம். ஆனால் பார்க்க எதுவும் இருக்காது.

இதற்கு உலகம் அறிந்த சாட்சி ஒரு பெரிய விமானம்தான். 1979 நவம்பர் 28 அன்று, அண்டார்டிகாவைச் சுற்றிக் காட்டப் போன ஏர் நியூசிலாந்தின் டிசி-10, 12,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் எரபஸ் மலையின் அடிச்சரிவில், 1500 அடிக்குச் சற்றுக் கீழே மோதியது. 257 பேரும் இறந்தனர். மேகத்துக்குக் கீழே, தெளிந்த காற்றில்தான் அது பறந்தது. பாதைக் கணினியில் மாற்றப்பட்ட இலக்குப் புள்ளி அவர்களை மலையை நோக்கித் திருப்பிவிட்டிருந்தது. எதிரே ஏறிய வெள்ளைச் சரிவோ சமவெளிப் பனிபோலவே கண்ணுக்குத் தெரிந்தது. டிசி-10க்கு நடந்தது செஸ்னாவுக்கு நடக்க 1500 அடிகூடத் தேவையில்லை.

இதில் நீங்கள் செய்ய வேண்டியவை:

மரக்கூட்டம், பாறை, ஆற்றங்கரை என்று கறுப்பாக ஏதாவது தெரியும் பாதையை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஏரியைக் குறுக்கே கடந்தால் பத்து நிமிடம் மிச்சம் என்றாலும் கரையோரமாகவே போங்கள். அடுத்த கறுப்புப் புள்ளி தெரியாமல் இப்போதைய புள்ளியை விட்டு நகராதீர்கள்.

வேகமானியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பவரை மாற்றாமல் இருக்க, வேகம் 95, 90, 85 என்று சாவகாசமாக இறங்கினால், நிலம் உங்களை நோக்கி ஏறுகிறது. பொய்த் தொடுவானத்தை மட்டமாக வைக்க, கை தன்னையறியாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. அநேகமாக இது ஒன்றுதான் முன்னெச்சரிக்கை. உடனே திரும்புங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம்.

5. உயரமானி சொல்லும் பொய்

குளிர்ந்த காற்று அடர்த்தியாகச் சுருங்கிக் கிடக்கும். உயரமானிக்கு அது தெரியாது. அதனால் நீங்கள் இருப்பதைவிட அதிக உயரத்தை அது காட்டும். மனக்கணக்குக்கு விதி இது: நியம வெப்பநிலையிலிருந்து ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும், அழுத்த அளவு தந்த நிலையத்துக்கு மேலே உள்ள உயரத்தில் 4 சதவீதம் கழியுங்கள். கடல்மட்டத்தில் நியமம் 15 டிகிரி. 1000 அடிக்கு 2 டிகிரி குறையும்.

எடுத்துக்காட்டு: ஓடுதளம் 2000 அடியில் இருக்கிறது, அங்கே நியமம் 11 டிகிரி. இன்றைக்கு மைனஸ் 29. வித்தியாசம் 40 டிகிரி, ஆகவே 16 சதவீதம். உயரமானி 5000 அடி காட்டுகிறது, அதாவது ஓடுதளத்துக்கு மேல் 3000 அடி. அதில் 16 சதவீதம் 480 அடி. உண்மையில் நீங்கள் 4520 அடியில்தான் இருக்கிறீர்கள். வரைபடத்தில் 4600 அடி என்று போட்ட முகட்டை "400 அடி இடைவெளி இருக்கிறது" என்று தாண்டப் போனால் மோதுவீர்கள். 35 டிகிரிக்கும் 20 டிகிரிக்கும் நடுவே வாழ்ந்து பழகிய நமக்கு இந்தத் திருத்தம் தானாக நினைவுக்கு வராது. முழங்கால் அட்டையில் எழுதி வையுங்கள்.

6. பள்ளத்தாக்கும் திருப்பமும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

விமானம் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்பதை இரண்டே விஷயம் தீர்மானிக்கிறது: வேகமும் சாய்வும். வேகம் இரட்டித்தால் இடம் நான்கு மடங்கு. காற்று இல்லை என்று வைத்துக்கொண்டு அரைவட்டத் திருப்பத்துக்கு வேண்டிய அகலத்தைப் பாருங்கள். 90 நாட், 30 டிகிரி சாய்வு: 757 மீட்டர். 70 நாட், 30 டிகிரி: 458 மீட்டர். 70 நாட், 45 டிகிரி: 264 மீட்டர். வேகத்தைக் குறைத்துச் சாய்வைக் கூட்டினால் மூன்றில் ஒரு பங்கு இடமே போதும். அதனால் பள்ளத்தாக்குக்குள் நுழையும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட பிறகு குறைக்க நேரம் இருக்காது.

சாய்வைக் கூட்டுவதற்கும் விலை உண்டு. இறக்கை ஸ்டால் ஆகும் (தூக்குவிசையை இழக்கும்) வேகம் 30 டிகிரியில் 7 சதவீதம், 45 டிகிரியில் 19 சதவீதம், 60 டிகிரியில் 41 சதவீதம் ஏறும். நேராகப் பறக்கையில் 50 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம் 60 டிகிரி சாய்வில் 70 நாட்டிலேயே ஸ்டால் ஆகிவிடும். 45 டிகிரியைத் தாண்டாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். மலை நெருங்கும் பயத்தில் கட்டுப்பாட்டுக் கம்பை வயிற்றை நோக்கி இழுப்பவர்கள் மலையில் மோதுவதில்லை. மலைக்கு முன்னாலேயே சுழன்று விழுகிறார்கள்.

நுழையும் முறை:

முதலில், பள்ளத்தாக்குக்குள் மேல்முனையிலிருந்து, தரை இறங்கும் திசையில் நுழையப் பாருங்கள். கீழ்முனையிலிருந்து மேலே போவதாக இருந்தால், போதிய உயரத்தை வெளியிலேயே எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். "உள்ளே போய் ஏறிக்கொள்ளலாம்" என்ற எண்ணம்தான் ஆளை விழுங்குகிறது. 75 நாட்டில் நிமிடத்துக்கு 500 அடி ஏறும் விமானம் ஒரு கடல் மைலுக்கு 400 அடிதான் ஏறுகிறது. தரை அதைவிட வேகமாக ஏறினால், மூக்கு மேலே பார்த்திருந்தாலும் நீங்கள் கீழேதான் போகிறீர்கள். கீழ்நோக்கிய காற்று நிமிடத்துக்கு 500 அடி இருந்தால் அந்த ஏற்றமும் பூஜ்யம்.

நடுவில் பறக்காதீர்கள். நடுவில் பறப்பவருக்கு இரண்டு பக்கமும் பாதி இடம்தான். ஒரு பக்கச் சுவரை ஒட்டிப் போனால் முழு அகலமும் உங்களுக்கு. எந்தப் பக்கம் என்பதைக் காற்று சொல்லும்: காற்று வந்து மோதும் சுவரை ஒட்டுங்கள். அங்கே காற்று மேலே தூக்கும். திரும்பும்போது எதிர்க்காற்று வட்டத்தைச் சுருக்கும். எதிர்ப் பக்கத்தில் இரண்டுமே தலைகீழ்.

அகலத்தைக் கணக்கிடும்போது 264 மீட்டரை நம்பி 264 மீட்டருக்குள் போய்விடாதீர்கள். முடிவெடுக்க மூன்று வினாடி என்றாலே 100 மீட்டருக்கு மேல் போய்விடும். காற்று, நடுக்கம், கைப்பிழை எல்லாம் சேர்த்து இரண்டு மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். 600 மீட்டர் பக்கவாட்டு இடம் தெரியவில்லை என்றால் அந்தப் பள்ளத்தாக்கு உங்களுக்கு இல்லை.

திரும்பும் முறை: வேகம் 70, ஃப்ளாப் (மெதுவாகப் பறக்க இறக்கையின் பின்பக்கம் இறக்கும் தகடு) 10 டிகிரி, பவர் முழுக்க, சாய்வு 45, மூக்கு தொடுவானத்தில் அல்லது சற்றுக் கீழே. கண் திரும்பும் திசையில் இருக்கட்டும். பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கை பாறைக்கே போகும். இதை முதலில் பயிற்றுநரோடு, தரையிலிருந்து 3000 அடிக்கு மேல், கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். இந்த எண்கள் கனமும் விமான வகையும் மாறினால் மாறும்.

முகட்டைத் தாண்டும்போது நேராக முட்டாமல் 45 டிகிரிக் கோணத்தில் அணுகுங்கள். தாண்ட முடியாது என்று தெரிந்தால் கால்வட்டம் திரும்பினாலே விலகிவிடலாம். நேராகப் போனவருக்கு அரைவட்டம் வேண்டும். குறைந்தது 1000 அடி இடைவெளியாவது வேண்டும், காற்று பலமானால் 2000. முகட்டுக்கு அப்பால் உள்ள நிலம் நெருங்க நெருங்க அதிகமாகத் தெரிந்துகொண்டே வந்தால் நீங்கள் மேலே இருக்கிறீர்கள். மறைந்துகொண்டே வந்தால் திரும்புங்கள்.

கம்பிகள் பற்றி ஒரு வரி: பள்ளத்தாக்கைக் குறுக்கிடும் மின்கம்பியைக் கண்ணால் தேடாதீர்கள், தெரியாது. தூணைத் தேடுங்கள், தூணுக்கு நேர் மேலே தாண்டுங்கள்.

7. கீழே எதையாவது சுற்றிப் பார்ப்பது

அலாஸ்காவில் இதற்குத் தனிப் பெயரே உண்டு, மூஸ் ஸ்டால் என்பார்கள். கீழே ஒரு மூஸ் மான், ஒரு ஓநாய்க் கூட்டம், அல்லது நண்பனின் குடிசை. விமானி 500 அடியில் அதைச் சுற்ற ஆரம்பிப்பார். காற்று விமானத்தைத் தள்ளும். மான் இறக்கைக்குக் கீழே மறையும். மறையாமல் இருக்கச் சாய்வைக் கூட்டுவார். காற்றோடு போகும் பாதியில் தரை வேகமாக ஓடுவதுபோல் தெரியும், உடனே பவரைக் குறைப்பார். சாய்வு ஏறுகிறது, வேகம் இறங்குகிறது, கண் தரையில். ஒரு இறக்கை விழும்.

செஸ்னா 172 ஒரு சுற்று ஸ்பின் (ஸ்டால் ஆகிச் சுழன்று விழுதல்) போய் மீள ஏறக்குறைய 1000 அடி வேண்டும். கையில் இருப்பது 500. செல்போனில் படம் எடுக்கும் ஆசை இந்தக் கணக்கை இன்னும் மோசமாக்கியிருக்கிறது. பார்க்க வேண்டும் என்றால் 1000 அடிக்கு மேல் ஒரே ஒரு முறை, நேர்க்கோட்டில், பக்கத்து இருக்கைக்காரர் பார்க்கட்டும்.

8. வெள்ளைக்குள் போய்விட்டால்

1954ல் இல்லினாய் பல்கலைக்கழகம் கருவிப் பறத்தல் பழகாத 20 பேரைச் செயற்கையாக மேகத்துக்குள் விட்டதுபோல் சோதித்தது. 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடியில். அதனால் வெளியே பார்ப்பதை நிறுத்துங்கள். செயற்கைத் தொடுவானக் கருவியில் இறக்கையை மட்டமாக்குங்கள், பிறகு பவர், பிறகு ஏற்றம்.

அரைவட்டம் திரும்பி வந்த வழியே போவதுதான் எல்லாரும் சொல்லும் வழி. சமவெளியில் சரி. கருவியை வைத்துச் செய்யும் நிதானமான திருப்பம் வினாடிக்கு 3 டிகிரி, மொத்தம் ஒரு நிமிடம். 90 நாட்டில் அதற்கு வேண்டிய அகலம் 1.8 கிலோமீட்டர். பள்ளத்தாக்கில் அந்த அகலம் எங்கே கிடைக்கப் போகிறது? ஆகவே பள்ளத்தாக்கில் முன்னால் பனிப்பொழிவின் திரை தெரிந்த உடனேயே, அதை எட்டுவதற்கு முன்பே, கண்ணால் பார்த்துத் திரும்பிவிட வேண்டும்.

கட்டுப்பாட்டு நிலையத்திடம் உதவி கேட்கத் தயங்காதீர்கள். உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். எந்த விமானம், எங்கே, என்ன உயரம், என்ன பிரச்சினை, இவ்வளவும் போதும்.

9. பனியில் இறங்க நேர்ந்தால்

மரத்தை முழுக்கத் தவிர்க்க முடியாவிட்டால், குறைந்த வேகத்தில் மோதுவதுதான் பிழைக்கும் வழி. 60 நாட்டுக்குப் பதில் 45 நாட்டில் மோதினால் மோதல் ஆற்றல் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். ஆனால் ஸ்டால் ஆகிக் கீழே விழாதீர்கள். கடைசிவரை விமானத்தை ஓட்டிக்கொண்டே இருங்கள். ஃப்ளாப் முழுக்க, எதிர்க்காற்றில், முடிந்தால் மேட்டை நோக்கி. இடுப்பு, தோள் வார்களை இறுக்குங்கள். தொடுவதற்கு முன் கதவின் தாழை விலக்கிவிடுங்கள். உடல் வளைந்தால் கதவு சிக்கிக்கொள்ளும். எரிபொருளும் மின்சாரமும் அணைந்திருக்கட்டும்.

ஆழமான பனியில் முன்சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழ்வது சகஜம். மூக்கை முடிந்தவரை மேலேயே வையுங்கள். பரப்பு எங்கே என்று தெரியாத வெள்ளையில் இறங்குவதாக இருந்தால், இன்ஜின் இருக்கும்வரை, நிமிடத்துக்கு 150 அடி இறக்கம் வருமாறு பவரை அமைத்து, தரை தானாகத் தொடும்வரை அப்படியே விட்டுவிடுங்கள். கண்ணால் அளந்து மூக்கைத் தூக்கினால் முப்பது அடி உயரத்தில் தூக்குவீர்கள். ஏரி என்றால் கரையோரம். ஆற்றுப் பனிக்கட்டியை நம்பாதீர்கள், அடியில் நீரோட்டம் அரித்திருக்கும்.

இறங்கிய பின் விமானத்தை விட்டு நடந்து போகாதீர்கள். தேடுகிறவர்கள் மனிதனைவிட விமானத்தைச் சுலபமாகப் பார்ப்பார்கள். அதற்கும் நிறம் வேண்டும். 1972ல் ஆண்டிஸ் மலையில் விழுந்த உருகுவே விமானத்தின் வெள்ளை உடல் பனியோடு கலந்திருந்ததால், மேலே பறந்த தேடல் விமானங்களின் கண்ணில் படவேயில்லை. 45 பேரில் 16 பேர் 72 நாள் கழித்து மீண்டார்கள். இறக்கையின் பனியைத் தட்டிவிடுங்கள், ஆரஞ்சுத் துணியை விரியுங்கள், கிளைகளைக் கறுப்பாகப் பரப்புங்கள்.

விபத்து நடந்த இடத்தைத் தேடுகிறவர்களுக்குக் காட்டும் அவசர ஒலிபரப்பி 406 மெகாஹெர்ட்ஸ் வகைதானா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். பழைய 121.5 அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதில்லை. மோதலில் ஒலிபரப்பியின் ஆன்டெனா ஒடிந்துபோவது வழக்கம். அதனால் கைக்கடக்கமான தனிநபர் ஒலிபரப்பி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். பயணப் பையில் அல்ல, உடம்பில்.

உடையும் அப்படித்தான். ஊரிலிருந்து எடுத்துப்போகும் பருத்தி பனியனைத்தான் முதலில் மாற்ற வேண்டும்; வியர்வையில் நனைந்தால் அது காயவே காயாது, உடல் சூட்டை உறிஞ்சும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, மேலே காற்றுப் புகாத சட்டை, காலில் பனிக் காலணி. பின் இருக்கையில் போட்ட ஜாக்கெட் தீப்பிடித்தால் போய்விடும். விமானத்தின் உலோகக் கூட்டுக்குள் அப்படியே உட்கார்ந்தால் குளிர் இன்னும் அதிகம். இருக்கை மெத்தையைப் பிய்த்து அடியில் போடுங்கள், அல்லது இறக்கைக்குக் கீழே பனிச்சுவர் எழுப்புங்கள். பனியை அப்படியே தின்னாதீர்கள், உருக்கிக் குடியுங்கள்.

கடைசியாக, திட்டத் தாள். கனடாவில் கிளம்பிய இடத்திலிருந்து 25 கடல் மைலைத் தாண்டினால் பறத்தல் திட்டமோ பயணக் குறிப்போ பதிவு செய்ய வேண்டும். திட்டம் பதிந்திருந்தால், வந்து சேரும் நேரம் தாண்டி ஒரு மணி நேரத்தில் தேடல் தொடங்கும். பொறுப்பான ஆளிடம் பயணக் குறிப்பு மட்டும் கொடுத்து, தேடல் நேரத்தைக் குறிக்காமல் விட்டால் 24 மணி நேரம்கூட ஆகலாம். மைனஸ் 25 டிகிரியில் அது ஒரு முழு இரவு. அந்தப் பொறுப்பை ஊரில் இருக்கும் அம்மாவிடமோ அண்ணனிடமோ கொடுக்க வேண்டாம். அங்கே பகல் என்றால் இங்கே இரவு, எந்த எண்ணுக்கு அழைப்பது என்றும் அவர்களுக்குத் தெரியாது. கூட அறையில் தங்கியிருப்பவரிடம் பாதை, திரும்பும் நேரம், விமானத்தின் பதிவெண், அழைக்க வேண்டிய எண் நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் திட்டத்தை முடித்து வைக்க மறக்காதீர்கள். மறந்தால் உங்களைத் தேடி ஒரு விமானம் பனிக்குள் கிளம்பும்.